மிருகம் மிருகமாகவே இருந்திருக்கலாம்

'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையில் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். நொடித்துப்போன வணிகர் ஒருவர், வழிதவறி நுழைந்த மாளிகை, கடைசி மகளுக்காகப் பறித்த ஒரே ஒரு ரோஜா, அதற்கு விலையாக அந்த மகளையே கேட்கும் மிருகம், பிறகு மெல்ல மெல்ல அன்பு, கடைசியில் மிருகம் இளவரசனாகிக் கல்யாணம். இவ்வளவுதான். இவ்வளவும் தெரிந்துகொண்டே அதே கதையை வேறொருவர் திரும்பச் சொன்ன ஒரு நாவலை எடுத்து, விடிய விடியப் படித்து, முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் அதில் ஒரு ஆள். எனக்கு அந்தப் புத்தகம் ராபின் மெக்கின்லி 1978-இல் எழுதிய 'பியூட்டி'. அது ஏன் இப்படிப் பிடித்துப்போகிறது என்று பார்க்கப் போனால், கதை எவ்வளவு பழையது என்பதைவிட, ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் சொன்னவரிடம் எந்த இடத்தில் "இல்லை, இது சரிவராது" என்று முரண்டு பிடித்தார் என்பதுதான் விஷயம் என்று படுகிறது. இந்தக் கதையில் அந்த முரண்டு கிட்டத்தட்ட எப்போதும் இரண்டே இடங்களில் வருகிறது. அந்தப் பெண்ணிடம் உண்மையில் கேட்டார்களா என்பது ஒன்று. யார் மாற வேண்டும் என்பது இன்னொன்று.

முதலில் 'அசல்' என்கிற பேச்சை முடித்துவிடலாம். இன்று பெரும்பாலானவர்கள் அசல் என்று நினைப்பது 1756-இல் வந்த ஒரு சின்னக் கதையை. எழுதியவர் லண்டனில் ஆசிரியையாக வேலை பார்த்த ழான்-மரி லெப்ரன்ஸ் த போமோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. ஆனால் அதுவே ஒரு சுருக்கம்தான். பதினாறு வருடம் முன்னால், 1740-இல், கப்ரியேல்-சூசான் பார்போ த வில்நெவ் என்பவர் இதை ஒரு முழு நாவல் நீளத்துக்கு எழுதியிருந்தார். அவருக்கும் முன்னால் போனால், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயஸ் லத்தீனில் எழுதிய கியூபிட், சைக்கீ கதை இருக்கிறது: முகம் காட்டாத கணவன், பொறாமைப்படும் அக்காக்கள், மாயமாய் நடக்கும் மாளிகை வேலைகள் எல்லாமே அங்கேயே உண்டு. அந்தக் கதையை அபுலேயஸ் யார் வாயில் வைத்தார் என்பதுதான் சுவாரசியம். கல்யாணத்தன்று கொள்ளையர்கள் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள், அவளைத் தேற்றுவதற்காக அந்தக் கொள்ளையர் குகையில் சமைத்துப் போடும் கிழவி இதைச் சொல்கிறாள். விருப்பமில்லாத இடத்தில் அடைபட்ட பெண்ணுக்கு ஆறுதலாகச் சொன்ன கதை என்பது அப்போதே அதன் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நம் பக்கமும் இதன் உறவுக்காரக் கதை இருக்கிறது. பஞ்சதந்திரத்தில் ஒரு பிராமணருக்குப் பாம்பாகப் பிறந்த மகன், அவனைப் பார்க்காமலே பெண் கொடுக்கச் சம்மதித்துவிடும் இன்னொரு பிராமணர். மாப்பிள்ளையைக் கண்டு ஊரே பதறுகிறது, ஆனால் பெண் மட்டும் கன்னிகாதானம் ஒரு தரம்தான், அப்பா சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பாம்போடு குடித்தனம் போகிறாள். ஒரு ராத்திரி அவன் சட்டையை உரித்துவிட்டு ஆண்மகனாக வெளியே வர, விடிவதற்குள் அப்பா அந்தச் சட்டையை எரித்துவிடுகிறார், சுபம். படிக்கும்போது அந்தப் பெண்ணின் உறுதியை மெச்சத் தோன்றும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், வாக்குக் கொடுத்தவர் ஒருவர், அதைக் காப்பாற்ற வேண்டியவள் இன்னொருத்தி என்பதும் தெரியும். வில்நெவ்வின் வணிகர் செய்வதும் இதேதான்.

இந்தக் கதைக் குடும்பத்துக்கு எவ்வளவு வயது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. உயிரினங்களின் பரிணாம மரம் வரையும் முறையை நாட்டுப்புறக் கதைகளுக்குப் பொருத்தி, 2016-இல் சாரா கிராசா த சில்வா, ஜாம்ஷித் தெஹ்ரானி என்ற இரு ஆய்வாளர்கள் இது சில ஆயிரம் ஆண்டு பழையதாக இருக்கலாம் என்றார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. போகட்டும், வயதை வைத்து ஒரு கதையை யாரும் காதலிப்பதில்லை.

வில்நெவ்விடம் வருவோம், ஏனென்றால் அவருடைய கதை நாம் நினைப்பதைவிட ரொம்ப விசித்திரமானது. 26 வயதில் கணவனை இழந்து, பணமும் போய், எழுதிப் பிழைக்க வேண்டியிருந்த பெண் அவர். பிரான்சிலிருந்து செயிண்ட்-டொமிங்குக்கு, அதாவது இன்றைய ஹெய்ட்டிக்கு, கப்பலில் போகிறவர்கள் பொழுதுபோகச் சொல்லிக்கொள்ளும் கதை என்றுதான் இதைத் தொடங்குகிறார். வணிகருக்கு அவர் கணக்கில் பன்னிரண்டு பிள்ளைகள், ஆறு பையன், ஆறு பெண். மிருகத்துக்கு யானையைப் போலத் துதிக்கை. நடந்தால் உடம்பின் செதில்கள் கலகலவென்று சத்தம் போடும். தினமும் ராத்திரி வந்து பெண்ணிடம் கேட்கும் கேள்வியும் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்பதல்ல, என்னோடு படுத்துக்கொள்கிறாயா என்பது. அதிர்ச்சியாக இருக்கலாம், ஆனால் பயமில்லாமல் பதில் சொல்லலாம் என்பதும் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே வருகிறது, அவள் மாட்டேன் என்றதும் மிருகம் சரி என்று போய்விடுகிறது. மறுநாள் மறுபடி கேட்கும், மறுபடி மாட்டேன், மறுபடி போய்விடும். பெற்றவர்கள் பார்த்து முடிவு செய்வதே வழக்கமாக இருந்த, கல்யாணம் ஆன பிறகு மனைவியிடம் எதையும் கேட்கத் தேவையில்லாத அந்தப் பிரான்சில், ஒரு மிருகம் ஒவ்வொரு ராத்திரியும் அனுமதி கேட்டு, மறுப்பை மதித்துத் திரும்பிப் போகிறது என்று ஒரு விதவை எழுதினார். வாசித்த பெண்களுக்கு அதில் மந்திரத்தைவிடப் பெரிய அதிசயம் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு விஷயமும் வில்நெவ்வில் முக்கியம். சாபம் மிருகத்தின் முகத்தை மட்டும் பறிக்கவில்லை, பேச்சையும் பறித்துவிட்டது. உள்ளே அறிவு இருந்தாலும் அதைக் காட்டக் கூடாது, மந்தமாகத்தான் பேச வேண்டும். அதனால் பெல் (பிரெஞ்சில் அழகி என்று பொருள், அந்தக் கடைசி மகளின் பெயர்) பகலில் மந்தமான ஒரு நல்ல மிருகத்தோடும், கனவில் வரும் ஓர் அழகான இளைஞனோடும் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள். சாபத்துக்குக் காரணமும் அவன் திமிர் கிடையாது. அம்மா ராணி படையோடு போருக்குப் போகும்போது பையனை ஒரு வயதான தேவதையிடம் விட்டுவிட்டுப் போகிறாள், அவன் வளர்ந்ததும் அவளே அவனைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறாள், மறுத்ததற்குத் தண்டனை. ஆக, வற்புறுத்தலுக்கு இணங்காததால் மிருகமானவன் அவன். அதனால்தான் யாரையும் வற்புறுத்தாமல் கேட்கிறானோ என்னவோ. வில்நெவ் இதை நேராகச் சொல்வதில்லை, ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தப் புத்தகத்தின் பின்பாதி சகிக்காது. மிருகம் மனிதனான பிறகு யார் யாருக்கு என்ன உறவு, எந்தத் தேவதை எந்தத் தேவதைக்குத் தங்கை என்று பக்கம் பக்கமாகப் போகிறது. வணிகர் மகளை என் மகனுக்கு எப்படிக் கட்டுவது என்று ராணி முகம் சுளிக்க, பெல் நிஜத்தில் ஒரு ராஜாவின் மகள் என்று தெரிய வந்து பிரச்சினை தீர்கிறது. இவ்வளவு தூரம் துணிச்சலாக வந்தவர் கடைசியில் குலத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாரே என்று எரிச்சல் வரும்.

போமோன் கத்தரிக்கோலை எடுத்தது இங்கேதான். பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் உரையாடல்களுக்கு நடுவே வைக்க ஒரு கதை அவருக்கு வேண்டியிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் ஆறானார்கள், ராஜ வம்சம் போயிற்று, கனவு இளைஞன் போனான், படுக்கைக் கேள்வி கல்யாணக் கேள்வியாகியது. துதிக்கையும் போய்விட்டது. மிருகம் எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவே இல்லை, பிற்காலத்து ஓவியர்கள் ஆளாளுக்கு ஒன்று வரைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1874-இல் வால்ட்டர் கிரேன் தந்தம் முளைத்த காட்டுப்பன்றித் தலையோடு, அரசவை உடுப்புப் போட்ட கனவானாக வரைந்தார். அக்காக்களுக்குப் போமோன் தனிக் கவனம் கொடுத்தார்: தங்கை போகும்போது கண்ணீர் வருவதற்காகக் கண்ணில் வெங்காயம் தேய்த்துக்கொள்கிறார்கள், கடைசியில் தங்கையின் வாழ்வைப் பார்த்துக்கொண்டே நிற்கும்படி வாசலில் சிலைகளாகிறார்கள். ஒருத்தியின் கணவன் பேரழகன், தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்காதவன். இன்னொருத்தியின் கணவன் படு புத்திசாலி, அந்தப் புத்தியை மற்றவர்களைக் குத்துவதற்கே செலவழிப்பவன். இதைப் பார்த்துவிட்டுத்தான் பெல் அழகும் வேண்டாம், சாமர்த்தியமும் வேண்டாம், நல்ல குணம் போதும் என்று முடிவு செய்கிறாள். பெற்றோர் பார்த்துக் கட்டிவைக்கப்போகிற மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் உள்ளே நல்லவனா என்று பார் என்று மாணவிகளுக்குச் சொல்கிற பாடம். அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தின் அளவு அவ்வளவுதான் என்பதால் அதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆனால் ஓர் இடறல் அப்படியே இருந்தது. மிருகம் போடும் நிபந்தனை: மகள் தன் விருப்பத்தோடு வர வேண்டும். வராவிட்டால் அப்பாவின் உயிர் போகும். இதில் விருப்பம் எங்கே இருக்கிறது? "பொண்ணைக் கேட்டாச்சு, சம்மதம்னு சொல்லிடுச்சு" என்று நம் வீட்டுக் கூடங்களில் சொல்வார்களே, அந்தச் சம்மதத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. இதைத் துளி மழுப்பலும் இல்லாமல் போட்டு உடைத்தவர் ஆங்கில எழுத்தாளர் ஆஞ்சலா கார்ட்டர். 1979-இல் வந்த அவருடைய 'த பிளடி சேம்பர்' தொகுப்பில் இதே கதையை இரண்டு முறை, இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றில் கொஞ்சம் மென்மை. மற்றொன்றில், 'த டைகர்ஸ் பிரைட்' கதையில், ரோஜாவுக்கு விலையாக மகளைக் கேட்பதும் கிடையாது, பாசமும் கிடையாது. அப்பா சீட்டாட்டத்தில் மகளை வைத்துத் தோற்கிறார். சூதாட்டத்தில் பெண்ணை வைத்துத் தோற்பது நமக்குப் புதிதா என்ன? அந்தக் கதையின் முடிவில் புலி மனிதனாவதில்லை. அது அவளை நக்க நக்க, அவள் தோல் உரிந்து உள்ளிருந்து ரோமம் வெளியே வருகிறது.

பொதுமக்கள் மனதில் நின்றது என்னவோ 1991-இல் வந்த டிஸ்னி படம்தான். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம் அது. திரைக்கதை லிண்டா வூல்வர்ட்டன். பாடல்கள் ஹோவர்ட் ஆஷ்மன், படம் வெளிவரும் முன்பே அதே ஆண்டு மார்ச்சில் எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். இந்தப் படத்தின் பெல் புத்தகப் புழு என்பதைப் புரட்சியாகப் பேசுவார்கள், கொஞ்சம் மிகை அது. போமோனின் பெல்லும் வாசிப்பவள்தான், 1756-இலேயே அவளுக்கென்று மாளிகையில் ஒரு பெரிய நூலகம் தயாராக இருந்தது. படம் உண்மையில் புரட்டிப் போட்டது வேறொன்றை. பழைய கதைகளில் மிருகம் தொடக்கத்திலிருந்தே நல்லவன், மரியாதையானவன், கண் திறக்க வேண்டியவள் பெண். டிஸ்னியில் அவன் சுயநலக்காரன், கத்துகிறவன், கதவை உதைக்கிறவன். இங்கே மாற வேண்டியவன் அவன். அந்த வேலைக்குத்தான் முழுப் படமும்.

இது பெண்ணுக்கு நல்லதுதானே என்று தோன்றும். பாதி நல்லது. மனைவி பொறுத்துப் போக வேண்டும் என்ற பாரத்தை எடுத்து ஆண் திருந்த வேண்டும் என்ற இடத்தில் வைத்தது முன்னேற்றம்தான். ஆனால் திருத்துகிற வேலையை யார் செய்கிறார்கள்? அவளேதான், அதுவும் அடைத்து வைக்கப்பட்ட நிலையில். இந்தக் கதையைப் பற்றி இப்போதெல்லாம் யார் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம், அதாவது சிறைபிடித்தவர் மேலேயே அன்பு வந்துவிடுவது, வந்துவிடுகிறது, 1973-இல் ஸ்டாக்ஹோம் வங்கிக் கொள்ளையில் பிணையாக இருந்தவர்களைப் பார்த்துப் பிறந்த பெயர் அது. அந்தக் குற்றச்சாட்டு 1991 படத்தின் மேல் ஓரளவு ஒட்டும், ஏனென்றால் அங்கே மிருகம் உண்மையில் சிறைபிடித்து மிரட்டுகிறான். 1740-இன் மிருகத்தின் மேல் அவ்வளவாக ஒட்டாது, அங்கே கொடுமை வாசலிலேயே, அப்பாவோடு போட்ட பேரத்திலேயே முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி ஒரு நிஜ மனிதரைச் சொல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் டெனரிஃப் தீவில் பிறந்த பெத்ரூஸ் கொன்சால்வூஸ் என்பவருக்கு முகமெல்லாம் ரோமம் வளரும் நோய். சிறுவனாக இருக்கும்போதே பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றியின் அவைக்குக் காட்சிப் பொருளாகக் கொண்டுவரப்பட்டார், அங்கே படித்தார், கேதரின் என்ற பெண்ணை மணந்தார். இவர்தான் நிஜ பீஸ்ட் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய பிள்ளைகள் சிலருக்கும் அதே ரோமம் இருந்தது, அவர்களைப் பிரபுக்கள் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொண்டார்கள். மகள் அந்தோனியெத்தாவை லவீனியா ஃபொந்தானா வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. சிறுமி கையில் ஒரு தாள், அதில் அவள் வரலாறு, முகத்தில் ரோமம், உடம்பில் அழகான பட்டுடை. கதையில் விலையாகக் கொடுக்கப்பட்டது வணிகர் மகள். நிஜத்தில் கைமாறியது மிருகம் என்று அழைக்கப்பட்டவரின் மகள்.

சரி, மெக்கின்லி. 1978-இன் 'பியூட்டி' அவருடைய முதல் நாவல். கதையின் எலும்புக்கூட்டில் அவர் பெரிதாகக் கை வைக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். வணிகர், கப்பல் நஷ்டம், கிராமத்துக்குக் குடிபெயர்தல், ரோஜா, நிபந்தனை எல்லாம் அப்படியே. ஆனால் அக்காக்கள் இருவரும் நல்லவர்கள்! இந்த ஒரு மாற்றம் மொத்தக் கதையையும் வேறு பக்கம் சாய்க்கிறது. பொல்லாத அக்காக்கள் இருக்கும்வரை, வீட்டைவிட்டுப் போவது பெல்லுக்கு ஒருவிதத்தில் விடுதலை. நல்ல அக்காக்கள், ஒரு அக்காவின் கணவனான கொல்லர், அவர்களுடைய குழந்தைகள், அடுப்பங்கரை, விறகு வெட்டுதல், பிரியமான குதிரை என்று ஒரு நிறைந்த வீட்டை நூறு பக்கம் போலக் காட்டிவிட்டு அதன்பிறகு அவளைப் பிரித்தால், அவள் கொடுக்கிற விலை என்ன என்று நமக்கு உறைக்கிறது. பழைய கதையில் அவள் வீட்டுக்குத் திரும்பப் போவது அப்பாவைப் பார்க்க. இங்கே, கடலில் செத்துப்போனதாக நினைத்த அக்காவின் காதலன் உயிரோடு இருக்கிறான் என்று மாயக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வேறு கல்யாணத்துக்கு அக்கா தலையாட்டும் முன் சொல்லியாக வேண்டும் என்று ஓடுகிறாள். அதனால் மாளிகைக்குத் திரும்ப அவள் தாமதிக்கும்போது நமக்குக் கோபம் வரவே வராது.

இந்த பியூட்டி அழகியும் இல்லை. நிஜப் பெயர் ஹானர், சின்ன வயதில் அடம்பிடித்து வாங்கின செல்லப்பெயர் பியூட்டி. வளர்ந்தபின் முகத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கே கூச்சம். மாளிகையில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாதது அவளுக்கும் நிம்மதி, மிருகத்துக்கும் நிம்மதி. அந்த மாளிகையின் நூலகத்தில் இன்னும் எழுதப்படாத புத்தகங்களும் அலமாரியில் இருக்கின்றன, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் பிரவுனிங்கின் கவிதையை அவர் பிறப்பதற்கு முன்பே அவள் படிக்கிறாள். இருவரும் மாறி மாறி வாய்விட்டு வாசித்துக்கொண்டு நடக்கும் மாலைகள்தான் அந்த நாவலின் காதல். வேறெதுவும் பெரிதாக நடப்பதில்லை. ஒருவரோடு பேசிப் பேசிப் பழகினால் ராத்திரிக் கேள்வியின் அர்த்தம் தானாகவே மாறும் என்பதை மெக்கின்லி வேகமே இல்லாமல் காட்டுகிறார், அந்த வேகமின்மைக்குத்தான் நான் விழுந்தேன்.

குறை இல்லையா? இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் எல்லாம் அவசர அவசரமாக முடிகிறது. அதைவிட, அழகில்லாதவள் என்று அத்தனை தூரம் சொல்லிவிட்டு, முடிவில் கண்ணாடியில் பார்த்தால் அழகியாக வளர்ந்திருக்கிறாளாம். ஏன்? அவனும் இளவரசனாக வேண்டும், அவளும் அழகியாக வேண்டுமா?

முடிவுதான் எல்லோருக்கும் தொண்டையில் சிக்கும் முள். முகம் முக்கியமில்லை என்று கதை முழுக்கச் சொல்லிவிட்டு, பரிசாக ஒரு அழகான முகத்தைக் கொடுக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் ழான் கொக்தோ 1946-இல் இந்தக் கதையை எடுத்த படத்தில் இதை ஒளிக்காமல் அப்படியே கேலியாக்கினார். போர் முடிந்த கையோடு, பிலிம் தட்டுப்பாட்டுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே, தோல் நோயோடு அவர் எடுத்த படம். மணிக்கணக்கில் ஒப்பனை போட்டுக்கொண்டு ழான் மரே மிருகமாக நடித்தார். பெல்லைத் துரத்தும் ஊர்க்காரன் அவெனாவாகவும் அவரே, கடைசியில் இளவரசனாகவும் அவரே. ஆக, மிருகம் மறைந்ததும் பெல் முன்னால் நிற்பது அவள் ஏற்கெனவே வேண்டாம் என்று சொன்னவனின் முகம். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் தெரிகிறது, பழகிக்கொள்ள வேண்டும் என்கிறாள். படம் பார்த்த ஒரு பெரிய நடிகை, என் மிருகத்தைத் திருப்பிக் கொடு என்று திரையைப் பார்த்துக் கேட்டதாக ஒரு கதை உண்டு. சிலர் அது கிரேட்டா கார்போ என்பார்கள், சிலர் மார்லீன் டீட்ரிக் என்பார்கள். யாராக இருந்தாலும் கேட்டது சரிதான்.

மெக்கின்லிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 1997-இல், கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, அதே கதையை 'ரோஸ் டாட்டர்' என்று இன்னொரு நாவலாக எழுதினார். இம்முறை பியூட்டி தோட்டக்காரி, வாடிப்போன ரோஜாக்களை உயிர்ப்பிப்பவள், அக்காக்கள் இங்கேயும் நல்லவர்கள். முடிவில் அவள் முன் ஒரு தேர்வு வைக்கப்படுகிறது, அழகும் அதிகாரமும் செல்வமும் உள்ள வாழ்க்கை ஒரு பக்கம், மிருகத்தோடு கிராமத்தில் சாதாரண வாழ்க்கை மறுபக்கம். அவள் இரண்டாவதைக் கேட்கிறாள், அவன் மிருகமாகவே இருந்துவிடுகிறான். முதல் நாவல் அளவுக்கு இது எனக்கு மனதுக்கு நெருக்கமாக இல்லை, நடுவில் கனமாக, குழப்பமாக, சில இடங்களில் அலுப்பாகக்கூட இருக்கும். ஆனால் அவளிடம் நிஜமாகவே கேட்டு, அவள் சொன்னபடியே நடக்கிற ஒரு முடிவு இதில்தான் இருக்கிறது.

தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு: முதலில் போமோனைப் படித்துவிடுங்கள், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு மெக்கின்லியின் 'பியூட்டி', அதன் சூடு தணியும் முன் கார்ட்டர். வில்நெவ்வின் முழு வடிவம் 1858-இல் பிளான்சே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் காப்புரிமை இல்லாமல் கிடைக்கிறது. மிருகம் மனிதனாகும் இடம் வரை நிதானமாகப் படியுங்கள், அதற்கப்புறம் வரும் தேவதைகளின் குடும்ப வழக்கைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.